சீட்டோடு வந்த பாக்கெட்டுகளை நாங்கள் ஏன் தூக்கிப் போட்டோம்

போன மாதம் கார்த்திகேயன் தொலைபேசியில் அழைத்தார். சேலம் அஸ்தம்பட்டியில் நான் ஓய்வு பெற்ற இணைய நிறுவனத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர். பழைய ரவுட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதியவை மாட்டியிருக்கிறார்கள். பழையதில் இருந்த கட்டளைகளை வரி மாறாமல் புதியதில் ஏற்றும்போது ஓரிடத்தில் அவர் கண் நின்றிருக்கிறது.

"சார், கூடுதல் ஹெட்டரோட வர்ற பாக்கெட்டுல ரெண்டு வகை தவிர மத்ததையெல்லாம் போட்ரச் சொல்லி ஒரு வரி இருக்குதுங்க. எதுக்குன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலீங்க. எடுத்துரலாமான்னு கேட்டா, அது ஸ்டாண்டர்டு, கைய வெக்காதீங்கன்னு சொல்றாங்க."

ஸ்டாண்டர்டாம்! அந்த வரி எழுதப்பட்டபோது நான் அதே அறையில் இருந்தேன். அது எந்தத் தர நிர்ணயத்திலும் இல்லை. ஒரு மனிதர் ஒரு கெட்ட நாளில் பயந்து எழுதியது அது. பயத்துக்கான காரணம் போய்விட்டது, வரி போகவில்லை. அதனால் பள்ளிபாளையத்தில் ஒரு பெண்ணின் பெயர் கெட்டது. கார்த்திகேயனுக்குத் தொலைபேசியில் சொல்லி மாளாது என்பதால் இங்கே எழுதுகிறேன். எதையும் நாள், மாதத்தோடு எழுதுவதுதான் என் வழக்கம். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தந்தி, தொலைபேசி வரலாற்றை அப்படித்தான் பல காலமாகத் தொகுத்து வருகிறேன். ஆனால் இதில் வருபவர்களில் சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். ஆகவே பெயர்களை மாற்றிவிட்டேன், நிகழ்ச்சிகளின் தேதிகளை மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலிடெக்னிக் முடித்து, தொலைபேசி கேபிள்களில் கம்பிகளை ஜோடி பிரித்து இணைக்கும் வேலையில் சேர்ந்தேன். மழைக்காலத்தில் சாலையோரப் பள்ளத்துக்குள் குடையோடு உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்ட தலைமுறை. செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்தபோது தனியார் இணைய நிறுவனத்துக்கு மாறினேன். அங்கேதான் தங்கவேல் சார் எனக்கு மேலதிகாரி.

நடந்ததைச் சொல்வதற்கு முன் பாக்கெட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இணையத்தில் எதை அனுப்பினாலும் அது சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொன்றின் முன்னாலும் யாரிடமிருந்து, யாருக்கு என்று எழுதிய முகவரிச் சீட்டு உண்டு. அதுதான் ஹெட்டர். இப்போது புழக்கத்துக்கு வந்திருக்கும் ஆறாம் பதிப்பு இணைய விதிகள் (IPv6) முதலில் வெளியானது 1995 டிசம்பரில். அதை எழுதியவர்கள் முகவரிச் சீட்டை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதன் பின்னால் கூடுதல் சீட்டுகளைக் கோத்துக்கொள்ளலாம் என்றார்கள். வழியில் பொட்டலங்களைக் கைமாற்றிவிடும் ஒவ்வொரு ரவுட்டரும் படிக்க வேண்டிய சீட்டு ஒரு வகை. பெரிய பொட்டலத்தைத் துண்டு போட்டதைச் சொல்லும் சீட்டு இன்னொரு வகை. கடைசியில் வாங்குபவர் மட்டும் படிக்க வேண்டியது வேறொரு வகை. இந்தக் கடைசி வகையை வழியில் இருப்பவர்கள் பார்க்கவே வேண்டியதில்லை. கடத்திவிட்டால் போதும்.

கடத்திவிடுவதில்லை. உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் இப்படிப்பட்ட பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடுகின்றன. அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. அவற்றை மறைத்து எழுதினால் நான் எழுதுவது வரலாறு ஆகாது.

ரவுட்டரில் பாக்கெட்டுகளைக் கடத்துவது ஒரு சிப். கண்மூடித் திறப்பதற்குள் எண்ணற்ற பாக்கெட்டுகளை அது அனுப்ப வேண்டும். அதனால் ஒவ்வொன்றின் முன்பகுதியை, குறிப்பிட்ட நீளத்துக்கு மட்டும்தான் படிக்கும். உள்ளே இருப்பது வலைப்பக்கமா, மின்னஞ்சலா என்பதைச் சொல்லும் எண் கூடுதல் சீட்டுகளுக்குப் பின்னால் போய்விட்டால், சிப்பின் பார்வை அங்கே எட்டாது. என்னவென்று தெரியாததை உள்ளே விடக் காவல் விதிகள் சம்மதிப்பதில்லை. இன்னொன்று, எல்லா ரவுட்டரும் படிக்க வேண்டிய சீட்டோடு ஒரு பாக்கெட் வந்தால், பழைய ரவுட்டர்களில் சிப் அதைத் தன்னால் ஆகாது என்று உள்ளே இருக்கும் பொதுக் கணினியிடம் தள்ளிவிடும். அந்தக் கணினி மெதுவானது. ரவுட்டரின் மற்ற நிர்வாக வேலைகளும் அதன் தலையில்தான். வேண்டுமென்றே யாராவது இப்படிப்பட்ட பாக்கெட்டுகளைக் கொட்டினால் அது மூச்சுத் திணறிப் படுத்துவிடும்.

அப்படி ஒரு நாள் எங்கள் தலைமை ரவுட்டர் படுத்தது. சேலம் நகரத்தில் பாதி இணைப்புகள் போயின. அலுவலகத்தில் இருந்த எல்லாத் தொலைபேசிகளும் சேர்ந்து அடித்தன. தங்கவேல் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானே விசைப்பலகையில் உட்கார்ந்தார். வழக்கமான மூன்று நான்கு வகை பாக்கெட் தவிர மற்ற எதையும் போட்டுவிடு, குறிப்பு எழுதாதே, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லாதே என்று ஒரு வரி எழுதினார். ஊருக்கு இணைப்பு திரும்ப வந்தது. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அன்றைக்கு அது சரியான வேலை. தீப்பிடித்த இடத்தில் மின்சாரத்தை அணைப்பது போல. ஆனால் அணைத்ததை அப்படியே விட்டுவிட்டு, அந்தத் தெருவுக்கு மின்சாரமே கிடையாது என்பது எந்த ஊர் நியாயம்? அந்த வரி அடுத்து வாங்கிய ரவுட்டருக்குப் போனது. அங்கிருந்து நாமக்கல், திருச்செங்கோடு என்று பல இடத்துக்கும் நகல் போனது.

தங்கவேல் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சின்னவர், பெரியவர் எல்லாரும் அவருக்குச் 'சாமி'தான். ஒரு பிரச்சினையோடு போனால் எதிரே உட்கார வைக்க மாட்டார், தன் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லுவார். நாம் சொல்லி முடிக்கும் வரை இடைமறிக்க மாட்டார். முடித்ததும், நாம் சொன்னதையே ஒரு சிட்டிகை அளவுக்குச் சுருக்கித் திருப்பிச் சொல்லுவார். மலையாகக் கொண்டுபோனது அவர் வாயில் கூழாங்கல்லாகிவிடும். "அவ்வளவுதானுங்களே சாமி?" என்று சிரிப்பார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் நமக்கு எரிச்சல் வரும்.

புகார்களை முடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாடிக்கையாளர் இணைப்பு சரியில்லை என்றால் அதற்கு ஓர் எண் போடுவோம். எங்கள் அலுவலகத்திலிருந்து அவருடைய ரவுட்டருக்கு ஒரு சின்னப் பாக்கெட் அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்ப்போம். இதற்குப் பிங் என்று பெயர். வந்துவிட்டால் திரையைப் படம் பிடித்துச் சேர்த்து, 'வாடிக்கையாளர் பக்கக் கோளாறு' என்று முடித்துவிடுவோம். பிங் பாக்கெட்டில் கூடுதல் சீட்டு எதுவும் இருக்காது. பாலத்துக்கு அடியில் வைக்கோல் லோடு நுழையுமா என்று பார்க்க மொபெட்டை ஓட்டிப் பார்ப்பது போன்றது இது. மொபெட் நுழைந்துவிட்டது, ஆகவே லாரிக்காரன் பொய் சொல்கிறான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

மூன்றாவது முறை திறக்கப்படும் புகார் என் மேசைக்கு வரும். அப்படித்தான் பள்ளிபாளையத்து மில்லிலிருந்து சுமதியின் புகார் வந்தது. நான் அழைத்தேன்.

"சேலத்துல இருந்து பேசறேம்மா, உங்க புகார் விஷயமா..."

"பிங் போட்டுப் பாத்தோம், நல்லா இருக்குதுன்னு சொல்லத்தானுங்க கூப்புட்டீங்க? அது எனக்கே மனப்பாடம் ஆயிருச்சுங்க சார். நீங்க சிரமப்படாதீங்க, நானே சொல்லிக்கறேன்."

"இல்லம்மா. என்ன நடந்ததுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு, "நேர்ல வாங்க சார். இங்க நின்னு பேச முடியலீங்க" என்றாள்.

காவிரிக் கரையில் பள்ளிபாளையத்தில் ஒரு துணி மில். சுமதி குமாரபாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண், முப்பது வயதைத் தாண்டியவள். மில்லின் கணினி, சர்வர், கேபிள் எல்லாம் அவள் பொறுப்பில் இருந்தன. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மில்லுக்கு விற்பனை அலுவலகம் உண்டு. அங்கே பில் போடும்போது பள்ளிபாளையம் சர்வரோடு பேச வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கள் லைன். பிற்பகலானால் பில் திரை நின்றுவிடும். வியாபாரி காத்திருப்பார், கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் கணக்கருக்குப் போன் போட, கணக்கர் சுமதியைத் திட்டுவார். உன் சர்வர் மெதுவு, நீ வாங்கிய பெட்டி சரியில்லை என்பார்.

அவள் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. இரண்டு பக்கக் கணினிகளிலும் ஒரு வசதியை அமைத்தாள். போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும், கடைசியில் வாங்குபவர் மட்டும் படிக்கும் அந்தச் சீட்டை அது சேர்க்கும். சர்வர் பதில் தர எவ்வளவு நேரம் எடுத்தது, வழியில் எவ்வளவு நேரம் போனது என்று அந்தச் சீட்டை வைத்துப் பிரித்துவிடலாம். குற்றம் யார் பக்கம் என்று தெரிந்துவிடும். மில்லுக்குள் சோதித்தபோது அருமையாக வேலை செய்தது. செவ்வாய்ப்பேட்டைக்குப் போட்ட உடனே இணைப்பு மொத்தமும் நின்றது. சீட்டை எடுத்தால் இணைப்பு வந்தது, போட்டால் போனது.

எங்களிடம் புகார் செய்தாள். பிங் நன்றாக இருக்கிறது, வாடிக்கையாளர் பக்கக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தோம். மில்லில் அதைப் படித்தவர்கள் வேறு என்ன முடிவுக்கு வருவார்கள்? மெதுவாக ஓடிய லைனை இந்தப் பெண் ஏதோ விளையாடி அடியோடு நிறுத்திவிட்டாள் என்று முடிவு செய்தார்கள். அவளைக் கணினி அறையிலிருந்து எடுத்து நூல் கிடங்கில் போட்டார்கள். நான் போனபோது நூல் மூட்டைகளுக்கு நடுவே நின்று நூல் சுற்றிய கோன்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எங்கள் லைன் மெதுவா என்று அளக்க அவள் ஒரு சீட்டு ஒட்டினாள். அந்தச் சீட்டு இருக்கும் பாக்கெட்டாகப் பார்த்து நாங்கள் போட்டுவிட்டு, போட்டதையும் சொல்லாமல், தவறு உன்னுடையது என்று எழுதியும் கொடுத்தோம். 

கிடங்கு மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, மூட்டை மேல் மடிக்கணினியை வைத்துச் சோதித்தோம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்று ஓர் எண் இருக்கும். அது தீர்ந்துபோகும் இடத்திலிருக்கும் ரவுட்டர், பாக்கெட் இங்கே முடிந்தது என்று அனுப்பியவருக்குத் தகவல் தரும். அந்த எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டி, முதலில் சீட்டில்லாமல் அனுப்பினோம். வழியிலிருந்த எல்லா ரவுட்டர்களும் வரிசையாகப் பதில் தந்தன. பிறகு சீட்டோடு அனுப்பினோம். மில் வாசலில் இருந்தது பதில் தந்தது. அதற்கு அடுத்ததும் தந்தது. அதற்கடுத்து ஒன்றுமில்லை. சீட்டில்லாதபோது பதில் சொன்ன அதே ரவுட்டர் இப்போது வாயைத் திறக்கவில்லை.

சுமதி திரையில் அந்த இடத்தில் விரலை வைத்தாள். "இது யாரு ஊடுங்க சார்?"

"எங்க வீடுதாம்மா. அஸ்தம்பட்டி."

"உள்ள போனது வெளிய வரலீங்களே." திரும்பி என்னைப் பார்த்தாள். "எங்க ஊட்டுல தறி இருந்துச்சுங்க. நூல் அறுந்தா எங்க அறுந்துச்சுன்னு தறியில போய்ப் பாப்பாங்க. நீங்க வாசல்லயே நின்னு, தறிச் சத்தம் கேக்குது, எல்லாம் நல்லா ஓடுதுன்னு எழுதிப்போட்டுப் போயிருக்கீங்க."

 அஸ்தம்பட்டிக்கு வந்து முதல் வேலையாக அந்த வரிக்கு ஓர் எண்ணிக்கைக் கருவியைச் சேர்த்தேன். எத்தனை பாக்கெட் அதில் விழுகிறது என்று சிப்பே எண்ணிச் சொல்லும், கணினிக்குப் பாரமில்லை. சுமதியைச் சோதனையை ஓட்டச் சொன்னேன். எண் ஏறியது. நிறுத்தச் சொன்னேன். அப்போதும் மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது. வேறு யாருடையவோ பாக்கெட்டுகள். பெரும்பாலும் துண்டு போட்டதைச் சொல்லும் சீட்டோடு வந்தவை. 'சில பக்கம் மட்டும் தெறக்க மாட்டேங்குதுங்க' என்று எத்தனையோ பேர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் பிங் போட்டுப் பதில் எழுதியிருக்கிறோம்.

தங்கவேல் சாரிடம் போனேன். பக்கத்தில் நாற்காலி போட்டார். முழுவதும் கேட்டார்.

"அப்ப, ஒரு அம்மா ஏதோ சோதனை பண்ணிப் பாக்கறாங்க, அது போகலை. அவ்வளவுதானுங்களே சாமி?"

"அவ்வளவில்லை சார். அவங்களைக் கெடங்குல போட்டிருக்காங்க. நாம எழுதிக் குடுத்ததை வச்சு."

"மில்லுக்குள்ள ஆளை மாத்துறது அவங்க பாடுங்க." பேனாவை மூடினார். "அந்த வரிய எடுத்தா மறுபடி ரவுட்டர் படுத்துக்கும். அன்னிக்கு நீங்களும்தான் இருந்தீங்க."

"அன்னிக்கு வந்தது எல்லா ரவுட்டரும் படிக்கற சீட்டு சார். அதை இப்பவும் போடட்டும். இது கடைசி ஆள் படிக்கற சீட்டு. நம்ம கணினிகிட்ட வரவே வராது. நீளமும் கம்மி, சிப்புக்கு எட்டும். சோதனைப் பெட்டியில ஓட்டிப் பாத்துட்டுத்தான் வர்றேன். தவிர, 2017 ஜூலையில விதியவே திருத்திட்டாங்க. எல்லாரும் படிக்கற சீட்டையே, படிக்கச் சொல்லி அமைச்சாத்தான் ரவுட்டர் படிக்கணும். நாம பயந்தது விதியிலயே போயிருச்சு சார்."

வெகுநேரம் யோசித்தார். அவர் மோசமான மனிதர் இல்லை என்பதால்தான் யோசித்தார். "செரிங்க. துண்டுச் சீட்டையும் இதையும் தொறந்து விட்ருங்க. ஆனா பழைய புகார்ல கைய வெக்காதீங்க. நம்ம பக்கம் கோளாறு இல்லைன்னு எழுதியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா ஊர்ல இருக்கறவன் எல்லாம் வருவானுங்க."

"வரட்டுமே சார். நாம போட்டது நெசந்தானே?"

"போட்டது நெசம். சொல்லணும்னு என்னங்க கட்டாயம்?"

இந்தக் கேள்வியைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரு பாக்கெட்டை ஏற்காவிட்டால், ஏற்கவில்லை என்று அனுப்பியவருக்கு ஒரு வரி தகவல் அனுப்ப விதியிலேயே வழி இருக்கிறது. நெருக்கடி நேரத்தில் அதை நிறுத்தி வைப்பதைப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் எப்போதும் சொல்லாமலே போட்டுவிடுவதைப் பாதுகாப்பு என்று பெயர் வைத்து அழைக்கிறார்கள். யாருக்குப் பாதுகாப்பு? போட்டவருக்கு மட்டும்தான். சீட்டு ஒட்டினால் எங்கேயோ விழுந்துவிடுகிறது என்று தெரிந்ததும் யாரும் சீட்டு ஒட்டுவதில்லை. பிறகு, யாரும்தான் பயன்படுத்துவதில்லையே, போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். இவர்களே கடையைப் பூட்டிவிட்டு, ஆள் வரவில்லை என்று சொல்வது போல.

வரியைத் திருத்தினேன். அதே வாரத்தில் மில் முதலாளி நல்லசிவம், லைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றப் போவதாகச் சொல்லி அனுப்பினார். பெரிய வாடிக்கையாளர் என்பதால் தங்கவேல் சார் நேரில் கிளம்பினார். நானும் போனேன். முதலாளி அறைக்கு வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடிக் கதவைச் சாத்தினால்தான் பேச முடியும். கிடங்கிலிருந்து சுமதியை வரவழைத்தார்கள்.

அவள் சீட்டைப் போட்டாள். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு பில் போடச் சொன்னாள். பிற்பகல் நேரம். இணைப்பு நிற்கவில்லை. சர்வர் உடனுக்குடன் பதில் தந்திருந்தது. நேரம் எல்லாம் வழியில், செவ்வாய்ப்பேட்டைக்குப் போகும் எங்கள் கிளையின் நெரிசலில் போயிருந்தது.

நல்லசிவம் திரையைப் பார்த்தார். "அப்ப சர்வர் நல்லாத்தான் இருக்குதா? செரி, ஆனது ஆச்சு. நாளையில இருந்து நீ பழையபடி உன் வேலையப் பாரு சாமி."

"இருக்கட்டுங்க." சுமதி அசையவில்லை. "எங்க பாக்கெட்ட இத்தன நாளாப் போட்டது யாருன்னு இவங்க சொல்லட்டுங்க." தங்கவேல் சாரைப் பார்த்துத்தான் கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நாந்தான் கெடுத்தேன்னு எல்லாரும் பேசிக்கறாங்க."

தங்கவேல் சார் தேநீர்க் கோப்பையை எடுத்தார். மெதுவாகக் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு, "லைனை அகலப்படுத்திக் குடுத்தர்றோம் முதலாளி" என்றார் நல்லசிவத்திடம்.

"நாங்கதாம்மா போட்டோம்" என்றேன் நான். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. எங்க ரவுட்டர்ல இருந்த ஒரு வரி. போட்டதையும் உங்களுக்குச் சொல்லலை."

தங்கவேல் சார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு காருக்குப் போனார்.

"அதான் சொல்லிட்டாரே, போதுமா?" என்று சிரித்தார் நல்லசிவம்.

"இந்த ரூமுக்குள்ள சொன்னாப் போதாதுங்க. என்னைத் திட்டுனவங்க வெளிய இருக்கறாங்க."

நல்லசிவத்தின் சிரிப்பு நின்றது.  பிறகு எழுந்து கதவைத் திறந்து, கணக்கரையும் கிடங்கு மேற்பார்வையாளரையும் ஷெட்டில் நின்றவர்களையும் கையசைத்துக் கூப்பிட்டார். வந்து வட்டமாக நின்றார்கள். தறிச் சத்தத்தில் நான் சொன்னது பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க சார்" என்றாள் சுமதி. தொண்டை கிழிய மறுபடி சொன்னேன்.

"அட, அப்ப இத்தன நாளா இந்தப் புள்ளையத் திட்டுனதெல்லாம்?" என்று கணக்கர் யாரையோ கேட்பது போலக் கேட்டார்.  சுமதி அவர் முன்னால் போய் நின்று கணினி அறைச் சாவியைக் கேட்டாள். அவளைக் கிடங்குக்கு அனுப்பிய அன்று அதை வாங்கித் தன் இடுப்புச் சாவிக் கொத்தில் கோத்திருந்தார் அவர். வளையம் இறுக்கமாக இருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார், வரவில்லை. வட்டம் கலையவில்லை. சுமதி கையை நீட்டியபடியே, அது கழன்று வரும் வரை நின்றாள்.